"92 சதவீதம் நேராகக் குழந்தைகளுக்கே" என்று சொல்லி நன்கொடை கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

ஒரு குழந்தையின் படிப்புக்கு என்று சொல்லி, ஒரு தொண்டு நிறுவனம் என் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தையின் படம், பெயர், வயது எல்லாம் அனுப்பியிருந்தார்கள். இப்போது நிறுத்திவிட்டேன். உங்களிடமும் யாராவது இதே பேச்சைப் பேசியிருக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கடிதம். அந்தக் குழந்தை எழுதியதாக வருடத்துக்கு ஒன்று வரும். நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்கு நன்றி என்று நாலு வரி. கீழே பென்சிலில் ஒரு வீடு, அதில் இரண்டு ஜன்னல், ஒன்றின் மேல் அடித்துத் திருத்திய கிறுக்கல். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரும் அதே நிறுவனத்துக்கு, வேறொரு குழந்தைக்காகக் கொடுத்து வந்தார். அவருக்கு வந்த கடிதத்தைக் காட்டினார். அதே வீடு, அதே ஜன்னல், அதே கிறுக்கல்! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மொத்தமும் ஜெராக்ஸ். எங்கள் பெயரும் குழந்தைகளின் பெயரும் மட்டும் நீல மையில், பெரியவர் யாரோ எழுதிய கையெழுத்தில்.

போன் போட்டுக் கேட்டேன். "சார், தனியா ஒரு குழந்தைக்குன்னு பணம் போகாது. எல்லாம் பொது நிதியில சேர்ந்து அந்தப் பகுதிக்கே செலவாகும். படிவத்தோட பின்பக்கம் போட்டிருக்கோமே" என்றார் அந்தப் பெண். பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. பொது நிதியாகச் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை விடுவதைவிட அது நியாயம்தான். அதை முன்பக்கத்திலேயே சொல்லிக் கேட்டிருக்கலாமே? "உங்கள் குழந்தை" என்று கொட்டை எழுத்தில் போட்டு வாங்கியதுதான் ஏமாற்று.

சரி, பணம் எங்கேதான் போகிறது என்று ஆண்டறிக்கையை வாங்கிப் படித்தேன். திட்டச் செலவு 92 சதவீதம், நிர்வாகம் 8. போனில் பேசுபவர்களும் எடுத்த எடுப்பில் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். கடைசிப் பக்கங்களில் இருந்த குறிப்புகளைப் பார்த்தால் கதை வேறு. துண்டறிக்கை அச்சடித்த செலவிலும், என்னைப் போன்றவர்களுக்கு போன் செய்த செலவிலும் பாதியை "பொதுமக்கள் விழிப்புணர்வு" என்று திட்டச் செலவில் சேர்த்திருந்தார்கள். யாரோ இலவசமாகக் கொடுத்த பழைய பாடப்புத்தகங்களுக்குப் புதுப் புத்தக விலை போட்டு, அதை வரவிலும் காட்டி, செலவிலும் காட்டியிருந்தார்கள். ஆடிட்டர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. நிர்வாகச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து 2013-லேயே பகிரங்கக் கடிதம் எழுதியிருக்கின்றன. தொண்டு நிறுவனங்களை எடைபோடுவதே அவர்கள் தொழில்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டேன்: உங்கள் திட்டத்தால் எத்தனை பிள்ளைகளுக்குப் புதிதாக வாசிக்க வந்தது? பதிலுக்கு, விநியோகித்த பைகளின் எண்ணிக்கையும் சிரிக்கும் முகங்களின் படங்களும் வந்தன. பை கொடுத்தார்கள், புத்தகம் கொடுத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதனால் படிப்பு வந்ததா? கென்யாவில் மைக்கேல் கிரெமரும் (2019 பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர்) அவருடைய சகாக்களும், சில பள்ளிகளுக்கு மட்டும் பாடப்புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. அங்கே ஒரு பைசா திருட்டுப் போகாமல் அத்தனையும் புத்தகமாகவே போய்ச் சேர்ந்திருந்தாலும் கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பயன் இல்லை.

இதே கேள்வியைக் கேட்டு, இதே மாதிரி விளம்பரத் தாள்களைப் பதிலாக வாங்கிய இரண்டு பேர்தான் 2007-ல் கிவ்வெல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ஆதாரம் வலுவாக உள்ள சில நிறுவனங்களை மட்டும் பரிந்துரைத்து, கணக்கையும் வெளியிடுகிறார்கள். மலேரியா கொசுவலை போன்ற மலிவான, நிரூபணமான வேலைகளில்கூட ஒரு உயிரைக் காப்பாற்றச் சில ஆயிரம் டாலர் ஆகும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆகவே "சின்னத் தொகை, ஒரு உயிர்" என்று எவராவது துண்டறிக்கை நீட்டினால், கணக்கைக் கேளுங்கள். நல்ல அமைப்பாக இருந்தால் கோபப்படாமல் காட்டுவார்கள். எது பலிக்கவில்லை என்பதையும் சிலர் எழுதி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நிறுத்துவது தனிப் போராட்டம். போனில் சொன்னபோது "அடுத்த மாதத்திலிருந்து எடுக்க மாட்டோம்" என்றார்கள். எடுத்தார்கள். மறுபடி கூப்பிட்டால், "குழந்தை பள்ளியை விட்டு நின்றுவிடும் சார்" என்று உருக்கம். பொது நிதி என்று சொன்னதும் இவர்கள்தானே! கடைசியில் வங்கிக்குப் போய் தானியங்கிப் பற்று அனுமதியை ரத்து செய்த பிறகுதான் நின்றது. நீங்களும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வங்கியிலும் தனியாக ரத்து செய்யுங்கள், போன் பேச்சை நம்பாதீர்கள். தெருவில் நிறுத்திப் பேசுபவரிடம் நீங்கள் நிறுவன ஊழியரா, ஏஜென்சி ஆளா என்றும் கேட்டுவிடுங்கள். ஏஜென்சி என்றால் உங்கள் முதல் சில மாதப் பணம் அதன் கட்டணத்துக்கே போகக்கூடும்.

கூடுதலாக எடுத்த தொகையைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. பணம் இன்னும் வரவில்லை.