ஒரே 1918 ரூபாய், இரண்டு காசு: பளபளப்பா, கறுப்பா?

குடியாத்தத்தில் அத்தை வீட்டில் இரண்டு வெள்ளி ரூபாய் இருந்தன. இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை, இரண்டும் 1918. ஒன்று பூஜை அலமாரியில் இருந்தது, வருஷா வருஷம் வரலட்சுமி நோன்புக்குப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இப்போது கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மற்றது மரப்பெட்டியில், பருத்தித் துணியில் முடிந்து கிடந்தது. ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் லேசான பழுப்பு. ஒன்றை எடுத்துக்கோ என்றார். கறுத்ததை எடுத்தேன். "இன்னாடா, பளபளன்னு கீறத உட்டுட்டு இத எடுக்கற?" என்றார் அத்தை.

தராசில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ரூபாய் அடிக்கும்போது எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா, அதில் 91.7 சதவீதம் வெள்ளி. உருக்கும் விலைக்கு எடுக்கும் நகைக்கடைக்காரருக்குக் கறுப்பும் பளபளப்பும் ஒரே காசு. சேகரிப்பவருக்கு அப்படியில்லை.

வெறும் கண்ணுக்குப் பளபளப்பானதுதான் ஜெயிக்கும், எக்ஸ்எஃப், அதாவது லேசாக மட்டுமே தேய்ந்த உயர்ந்த தரம் என்றே சொல்லத் தோன்றும். பத்து மடங்கு லென்ஸை எடுத்து ராஜாவின் அங்கியில் இருக்கும் யானையைப் பாருங்கள். 1911-ல் அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் திருத்தி அடித்தார்கள், அந்த யானைதான். தேய்மானம் கிரீடம், காது, மீசை, யானை என்று மேடான இடங்களில்தான் முதலில் விழும். அத்தையின் பூஜைக் காசில் யானையின் காலும் வயிறும் ஒன்றாகிவிட்டன, காது மழுங்கிவிட்டது. கறுத்ததில் தும்பிக்கை தனியாகத் தெரிகிறது, பின்பக்கத்தில் தாமரையும் ரோஜாவும் இதழ் இதழாக நிற்கின்றன.

அப்புறம் ஒரே ஒரு விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடியபோது விழுந்த நுண்ணிய வரிகள் இன்னும் இருந்தால், வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வரும், அதுதான் லஸ்டர். தேய்த்த காசில் வெளிச்சம் சுற்றாது, மொத்தமாக ஒரே பளீர், கூடவே ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள். அந்த வரிகள் ஒருமுறை போனால் போனதுதான், எதைப் போட்டாலும் திரும்பாது. கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம், அதற்குக் கீழே லஸ்டர் உயிரோடு இருக்கலாம்.

ஆனால் கறுத்ததெல்லாம் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். தடித்த கறுப்பு குழிகளை மறைக்கும். நம் பக்கத்தில் காசுமாலைக்கு வளையம் பற்றவைத்து, பிறகு அறுத்து எடுத்த ரூபாய் நிறைய. தலைக்கு நேர் மேலே விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கிறதா என்று முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

சரி, காசைப் பார்த்துத் தரத்துக்கு எண் போட்டுத் தரும் கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பலாமா? 70 புள்ளி அளவுகோலில் 60-ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. பூஜைக் காசை அனுப்பினால் 'க்ளீன் செய்தது' என்று எழுதி, எண்ணே இல்லாமல்தான் வரும். 1918 நிறைய அடித்த வருஷம், கறுத்ததற்கும் அந்தச் செலவு தேவையில்லை என்றே நினைக்கிறேன். 1939 மாதிரி அரிய ரூபாய் என்றால் அனுப்புவது நல்லது, போலி அதிகம்.

இந்த அளவுகோல் எதுவும் பக்கத்து ஆற்காட்டின் பெயர் சொல்லும் பழைய ரூபாய்க்கு அப்படியே பொருந்தாது. கையால் அடித்தது, அச்சு காசைவிடப் பெரியது, அதனால் பாரசீக எழுத்து முழுதாக விழாது. அங்கே தேய்மானத்தைவிட ஹிஜ்ரி 1172 தெரிகிறதா, அடித்த இடத்தின் அடையாளம் சென்னையின் தாமரையா புதுச்சேரியின் பிறையா, காசைச் சோதித்த சராப்பு (பணம் மாற்றுபவர்) முத்திரை எத்தனை குத்தியிருக்கிறது என்பதுதான் விலையை முடிவு செய்யும்.

அத்தைக்கு லென்ஸில் யானையைக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்தார். பளபளப்பானது பூஜையிலேயே இருக்கிறது. கறுத்ததைத் தேய்க்காமல், ஓரத்தை மட்டும் பிடித்து, பிவிசி பிளாஸ்டிக் கலக்காத உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.