போயா பிவை-எம்1 மைக்: கையில் காசு குறைவென்றால் முதலில் வாங்கவேண்டியது

மட்டக்களப்பில் குறும்படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் கையிலிருக்கும் காசை முதலில் கமராவிலோ, ஆட்டம் குறைக்கும் ஜிம்பலிலோ கொட்டிவிடுகிறார்கள். அது வேண்டாம். போனில் எடுத்த படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுத்துக்கொள்ளும். வசனம் விளங்காத படத்தை யாரும் இருந்து பார்க்கமாட்டார்கள். முதல் காசு மைக்குக்குத்தான் போகவேண்டும். அதற்குப் போயா நிறுவனத்தின், உடுப்பில் கொழுவும் இந்த வயர் மைக் இன்றைக்கும் நல்ல தெரிவு, அதன் குணம் அறிந்து பாவித்தால்.

பெட்டிக்குள் 6 மீற்றர் வயரோடு மைக், உடுப்பில் கொழுவும் கிளிப், கறுப்புப் பஞ்சு உறை, எல்ஆர்44 என்ற பொத்தான் பற்றரி ஒன்று, மிக்ஸர் போன்றவற்றின் பெரிய ஓட்டைக்குச் செருகும் ஜாக் ஒன்று இருக்கும். வயரில் உள்ள சின்னக் குழலில் ஒரு சுவிட்ச். போனில் செருகினால் அது போன் பக்கம் இருக்கவேண்டும், அப்போது பற்றரி தேவையில்லை. கமராவில் செருகினால் கமரா பக்கம். மைக் பழுது என்று முடிவெடுக்க முதல் இந்தச் சுவிட்சைப் பாருங்கள். கமரா பக்கம் விட்டு மறந்தால் பற்றரி இறங்கிவிடும். நாள்கணக்கில் பாவிக்காமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே உள்ள தகடு கறள் பிடிக்கும்.

ஹெட்போன் ஓட்டை இல்லாத போனுக்கு ரைப்-சி மாற்றி வேண்டும். மலிவு மாற்றிகளில் சில பாட்டுக் கேட்க மட்டும் உதவும், மைக்கை எடுக்காது. மாற்றி சரியாக இருந்தாலும் சில போன்களின் சொந்தக் கமரா ஆப் வெளி மைக்கைக் கணக்கெடுக்காது. ஓப்பன் கமரா என்ற இலவச ஆப்பில் ஒலி எங்கிருந்து வரவேண்டும் என்பதை நீங்களே தெரிவுசெய்யலாம். எடுப்பதற்கு முன் மைக் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பதிந்து கேளுங்கள். சுரண்டல் கிட்டக் கேட்டால் மைக் வேலைசெய்கிறது. தூரத்தில் கேட்டால் போனின் சொந்த மைக்தான் பதிகிறது. போனை பிளைட் மோடில் போடுவதும் கட்டாயம். இல்லையென்றால் அழைப்பு வந்து காட்சியைக் கெடுக்கும், சிலவேளை சிக்னல் இரைச்சலும் பதியும்.

இது எல்லாத் திசையிலும் கேட்கும் மைக். வாய்க்குக் கிட்ட இருப்பதுதான் அதன் பலம்: வாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில். கிளிப்புக்குக் கீழே வயரை ஒரு வளையமாக மடித்து, பாமசியில் வாங்கும் பிளாஸ்டரால் உடுப்பின் உட்பக்கம் ஒட்டுங்கள். ஆள் அசையும்போது வரும் இழுவை அந்த வளையத்தோடு நின்றுவிடும். பட்டுச் சேலையும் மொடமொடத்த சேர்ட்டும் உரசும், பருத்திதான் நல்லது. வீட்டுக்குள் மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிற்பாட்டிவிட்டு, யாரும் பேசாமல் 30 செக்கன் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துவையுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளி நிரப்ப அது வேண்டும்.

கல்லடிக் கடற்கரையில்தான் இந்த மைக் கைவிடும். கூட வரும் பஞ்சு மூச்சுக்காற்றை மட்டும் தாங்கும். கடற்காற்றுக்கு மயிர் உறை வேண்டும். அது இல்லாவிட்டால் காலையில், காற்று எழும்ப முதல் எடுங்கள், நடிகரின் முதுகு காற்றுப் பக்கம் இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் படுவான்கரை வயல்வெளியிலும் இதே பாடுதான். கூத்துப் பதியவும் இதை நம்பவேண்டாம். மத்தளமும் சல்லரியும் கிட்ட வந்தால் ஒலி உடைந்துவிடும், உடைந்த ஒலியைப் பிறகு திருத்த முடியாது. வசனத்துக்கு, ஒலி அளவு காட்டும் பட்டையில் உச்சம் −12 டெசிபல் அளவில் நின்றால் போதும்.

நடந்து பேசும் காட்சிக்கு வயர்லெஸ் மைக் வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய போனில் மைக்கைச் செருகி, ஒலிப்பதிவு ஆப்பை ஓடவிட்டு நடிகரின் பொக்கற்றில் வையுங்கள். கமராவுக்கு முன்னால் ஒருவர் கைதட்டினால், அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம். நீண்ட காட்சியில் உதடும் ஒலியும் விலகினால், பெரும்பாலும் போன் சீரில்லாத பிரேம் வேகத்தில் (செக்கனுக்கு எத்தனை படம் என்பது கூடிக் குறைந்து) பதிந்ததுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கணினி மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

மிச்சக் காசுக்குப் பாரம் குறைந்த ட்ரைபொட் ஒன்று போதும். அதன் பிளாஸ்டிக் தலையைத் திருப்பினால் படம் குலுங்கும், ஆகவே அசையாத ஷொட்டுகளாக எடுங்கள். நடுத்தண்டில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது. வெளிச்சத்துக்கு ஜன்னலும், அந்த வெளிச்சத்தைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் தகடும். எல்ஈடி பல்பின் கீழே படத்தில் கோடு ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கன் ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்.

மைக்கின் பெரிய குறை, வயர் கழராது. ஜாக்கின் கழுத்தில் அறுந்தால் ஈயம் வைத்து ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் வேறு வாங்கவேண்டும். முழங்கையில் சுற்றாமல் பெரிய வட்டமாகச் சுருட்டிவையுங்கள். வாங்கும்போதே கடையில் உங்கள் போனில் செருகி ஒரு நிமிடம் பேசிப் பதியுங்கள். பேசும்போது ஜாக்கின் கழுத்தை மெல்ல ஆட்டுங்கள். கரகரப்பு வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு இன்னொன்று கேளுங்கள்.