ஏலகிரி டென்ட் ஸ்டே: சின்னப் பிள்ளைங்களோட போறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

அஞ்சுக்கு மூணரை. அரை போட வழியில்லாததால நாலு அழுத்தியிருக்கேன். கொறைஞ்ச மிச்சம் எங்க போச்சுன்னு சொல்றேன்.

போனது நான், வீட்டுக்காரர், மாமியார், ஆறு வயசுப் பொண்ணு, மூணு வயசுப் பையன். ஜனவரி கடைசி, சனிக்கிழமை ராத்திரி. இந்த இடத்துக்கு வந்திருக்கிற ரிவ்யூல முக்காவாசி காலேஜ் பசங்களும் ஆபீஸ் கூட்டமும் போட்டது. "வைப் சூப்பர்", "வியூ வேற லெவல்". பிள்ளை பெத்தவங்களுக்கு அதுல உபயோகமா ஒரு வரி கிடையாது. பாத்ரூம் எத்தனை தூரம், சாப்பாடு எத்தனை மணிக்கு, பக்கத்து டென்ட்ல யாரு இருப்பாங்க, இதை யாருமே எழுதல. அதனால நான் எழுதுறேன்.

மொதல்ல ஏன் ஏலகிரின்னு ஒரு வார்த்தை. வீட்டுக்காரருக்கு வயநாடு போகணும்னு ஆசை. 2021 ஜனவரியில அங்க மேப்பாடி பக்கம் டென்ட்ல தங்கியிருந்த ஒரு பொண்ணை யானை அடிச்சுக் கொன்ன செய்தி எனக்கு இன்னும் மறக்கல. காட்டு ஓரத்துல துணிச் சுவருக்குள்ள ரெண்டு குழந்தைகளைத் தூங்க வைக்க எனக்கு மனசு வரல. ஏலகிரியில சுத்தியும் ஊர். மலை மேலயே பதினாலு குக்கிராமம், கூப்பிடு தூரத்துல வீடு, அவசரம்னா கீழ திருப்பத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரி. உசரம் 1,100 மீட்டர் சொச்சம், ஊட்டியில பாதி. குளிரும் பாதிதான். பழக்கமில்லாத பிள்ளைங்களுக்கு இந்தக் குளிர் போதும்.

பெரம்பூர்க்காரங்க நாங்க. காலையில சென்ட்ரல்ல பிருந்தாவன் ரயில் பிடிச்சு ஜோலார்பேட்டையில இறங்கி, அங்கிருந்து கார். இருபது கிலோமீட்டர் கிட்ட. பொன்னேரி தாண்டினதும் மலைப்பாதை, பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு புலவர் பேரோ வள்ளல் பேரோ வச்சுப் பலகை நட்டிருக்காங்க. பொண்ணு இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா, பாரி, காரி, ஓரின்னு கத்திக்கிட்டே வந்தா. பையன் அந்த வள்ளல்கள்ல ஒருத்தருக்குக் காலையில தின்ன இட்லி மொத்தத்தையும் வாரி வழங்கிட்டான். வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீங்க. மாத்துத் துணியைப் பெட்டி அடியில வைக்காம கைப்பையில வச்சுக்கோங்க.

இடத்துக்கு வருவோம். இங்க பிடிச்ச விஷயம் தரை. டென்ட் விளம்பரத்துல யாரும் தரையைப் படம் பிடிச்சுப் போட மாட்டாங்க, ஆனா ராத்திரி முதுகுக்குத் தெரியப்போறது அதுதான். இவங்க சரிவுல கல்லு வச்சுக் கட்டி, மண்ணு ரொப்பி, முழங்கால் உசரத்துக்குத் திட்டு திட்டா மேடை போட்டிருக்காங்க. ஒரு மேடைக்கு ஒரு டென்ட். மேடையைச் சுத்தி ஒரு சாண் அகலத்துல வாய்க்கா. மழை பெஞ்சா தண்ணி அடியில புகாம அதுல ஓடிடும். மேடை மேல தார்ப்பாய், அதுக்கு மேல டென்ட், உள்ள நாலு இஞ்ச் ஃபோம் மெத்தை. காலால அழுத்திப் பார்த்தேன், ஒரு கல்லு கூட குத்தல. இதைப் போட்டவன் ஒரு நாளாவது தன் பிள்ளையை இங்க படுக்க வச்சிருப்பான்.

டென்ட் ரெண்டு வகை. ஒண்ணு வளைகம்பி போட்ட குட்டை டென்ட், "நாலு பேர்"னு சொல்றாங்க. பெரியவங்க ரெண்டு பேரும் சின்னது ரெண்டும் படுத்தா சரியா இருக்கு, பை வைக்க இடம் இருக்காது. நாலு பெரியவங்கன்னா ஒருத்தர் காலு ஒருத்தர் மூஞ்சியில. உள்ள போகணும்னா நல்லாக் குனிஞ்சு தவழணும். மாமியாருக்கு முட்டி வலி. வாசல்ல நின்னு ஒரு பார்வை பார்த்துட்டு, "நான் என்ன கோழியா, இந்தக் கூடைக்குள்ள பூந்துக்க?"ன்னுட்டாங்க.

அங்க வேலை பாக்குற தம்பி சிரிச்சான், ஆனா உடனே ஆக வேண்டியதைப் பார்த்தான். பலா மரத்தடியில ஆள் நிமிர்ந்து நிக்கிற உசரத்துக்கு ஒரு பெரிய டென்ட் இருக்கு, உள்ள மடக்குக் கட்டில். "ஆயா அங்க படுத்துக்கட்டும்க்கா"ன்னு பேத்தியோட அங்க மாத்திக் கொடுத்தான். அதுக்கு ஐந்நூறு கூடுதல், எங்ககிட்ட வாங்கல. இந்தப் பெரிய டென்டைப் பத்தி புக் பண்றப்ப யாரும் வாய் திறக்கல. நீங்களா கேளுங்க. பாத்ரூமுக்கும் அதுதான் பக்கம்.

பாத்ரூமுக்கு வந்துட்டோம். அரை நட்சத்திரம் இங்கதான் போச்சு.

பாத்ரூம் சுத்தம். அதைச் சொல்லிடணும். டைல்ஸ் போட்டு, ஃபினாயில் வாசனையோட, இந்தியன் ரெண்டு வெஸ்டர்ன் ரெண்டு. விறகு அடுப்புல அண்டாவுல வெந்நீர் கொதிச்சுக்கிட்டே இருக்கு, வாளியில மொண்டு தர ஆள் நிக்குது. எல்லாம் சரி. ஆனா எங்க டென்ட்டுல இருந்து அங்க போக அறுபது எட்டு, அதுல பாதி கல்லுப்படி. பாத்ரூம் வாசல்ல விளக்கு எரியுது, பாதையில இல்ல. அவங்க கொடுத்த டார்ச் மஞ்சளா ஒரு வெளிச்சம் காட்டிட்டு அணைஞ்சுபோச்சு.

ராத்திரி ரெண்டு மணி. பையன் எழுந்து உக்காந்து "அம்மா மூச்சா"ங்கிறான். மூணு வயசுப் பிள்ளை அந்த வார்த்தையைச் சொன்னா கையில அரை நிமிஷம் இருக்குன்னு அர்த்தம். உள் ஜிப்பை இழுத்தா ஓரத்துத் துணி பல்லுல மாட்டிக்கிச்சு. ஒரு கையில போன் வெளிச்சம், ஒரு கையில ஜிப், இடுப்புல பையன். மெல்லப் பின்னாடி இழுத்து, துணியை எடுத்துவிட்டு, மறுபடி முன்னாடி இழுத்து, அப்புறம் வெளி ஜிப், அப்புறம் செருப்பை உதறி (தேள் இருக்கும்னு எங்க மாமியார் உத்தரவு), படியிறங்கி... படி வரைக்கும் போகல. வாய்க்கா எதுக்கு வெட்டியிருக்காங்கன்னு அப்ப எனக்கு நல்லாப் புரிஞ்சது. காலையில ஒரு பக்கெட் தண்ணி கேட்டு நானே கழுவி விட்டுட்டேன்.

பாதை ஓரமா நாலு சோலார் விளக்கு நட்டா முடிஞ்சது. அலங்காரத்துக்கு மட்டும் மரத்துக்கு மரம் சீரியல் பல்பு சுத்தி வச்சிருக்காங்க, போட்டோவுல நல்லா விழும்னு. அந்தக் கரண்டை இந்தப் பக்கம் கொடுக்கலாம். எதிர்ப்பக்கம் ஜவ்வாது மலையில காவலூர்ல 2.3 மீட்டர் தொலைநோக்கி வச்சு நட்சத்திரம் பாக்குறாங்கன்னா, இந்தச் சுத்துவட்டாரத்து வானம் அவ்வளவு இருட்டு. இங்க விடிய விடிய பச்சையும் செவப்பும் மினுக்கி அந்த இருட்டைக் கெடுக்குறாங்க. நாங்க கேட்டதும் தம்பி கொஞ்ச நேரம் அணைச்சான். மாமியார் பொண்ணை மடியில படுக்க வச்சு, நேர் உச்சியில கார்த்திகையைக் காட்டினாங்க. "ஆறு இருக்கும், எண்ணு." "அஞ்சுதான் ஆயா." "நல்லாப் பாருடீ." அப்புறம் எங்க வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுப் போட்டு எண்ணிப் பார்த்தார், அவருக்கும் அஞ்சுதான். அதுக்குள்ள யாரோ "லைட்டைப் போடுங்க ப்ரோ"ன்னு குரல் கொடுத்தாங்க.

சாப்பாடு. அட்டவணையில எட்டரைக்கு கேம்ப் ஃபயர், ஒன்பதரைக்கு டின்னர். எந்தக் குழந்தை ஒன்பதரை வரைக்கும் பசியோட உக்காந்திருக்கும்? நான் ஏழு மணிக்கே சமையல்கட்டுப் பக்கம் போயிட்டேன். அங்க சமைக்கிற அக்கா உள்ளூர்க்காரங்க. எனக்கு முன்னாடி அவங்களே கேட்டாங்க, "பிள்ளைங்களுக்கு இப்பவே ஊட்டிடுறியாம்மா?" அடுப்புல இருந்த குழைஞ்ச சோத்தை எவர்சில்வர் தட்டுல போட்டு, தெளிஞ்ச ரசத்தை மட்டும் மேலாக எடுத்து ஊத்தி, விரலாலயே மிளகு தோலையெல்லாம் ஒதுக்கிட்டு, நெய் விட்டுப் பெசைஞ்சாங்க. ஒரு பருக்கை எடுத்துத் தன் நாக்குல வச்சுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக் காரத்தைக் கொறைச்சாங்க. வீட்டுல தட்டைத் தள்ளிவிடுற பையன் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்னான். பெரியவங்களுக்குச் சப்பாத்தி, குருமா, சுட்ட சிக்கன், தயிர்சாதம். சிக்கன்ல உப்பு ஏறல, ஓரம் கருகி உள்ள வேகாம ஒரு துண்டு வந்தது, மாத்திக் கொடுத்தாங்க. குருமா நல்லா இருந்தது. அந்த அக்கா கையால இட்லி, கெட்டிச் சட்னி காலையில ஏழரைக்கே ரெடி. தண்ணி பாட்டில் விக்கிறதில்ல, எவர்சில்வர் சொம்புல கொதிக்க வச்சு ஆறின தண்ணி. அதுவும் நல்லதுதான்.

கேம்ப் ஃபயருக்கு விறகு தனிக்காசு, முந்நூறு. நெருப்பைச் சுத்திக் கல்லு அடுக்கி, அதுக்கு நாலடி தள்ளிக் கயிறு கட்டியிருக்காங்க, பிள்ளைங்க கயிறு தாண்டக் கூடாது. பக்கத்துலயே ரெண்டு வாளி மணல்.

நான் இந்த இடத்தை நம்பினது அதுக்கு அப்புறம் நடந்ததைப் பார்த்துதான். நெருப்பு அடங்கினதும் பக்கத்துக் கூட்டத்துல ஒருத்தர், குளிருதுன்னு சிக்கன் சுட்ட கரியடுப்பைத் தூக்கிட்டு டென்டுக்குள்ள போகப் பார்த்தார். தம்பி ஓடிவந்து கையைப் பிடிச்சு நிறுத்திட்டான். அவர் "புகையே இல்லையே, வெறும் தணல்தானே"ன்னு வாதம் பண்ணாரு. புகை இல்லாததுதான் வம்பே. தணல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, மூடின இடத்துல தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிடும். 2024ல கொடைக்கானல்ல ஒரு அறைக்குள்ள பார்பிக்யூ அடுப்பை வச்சுக்கிட்டுத் தூங்கின ரெண்டு பேர் எழுந்திரிக்கவே இல்ல. தம்பி அதையெல்லாம் விளக்கல. "அடுப்பு உள்ள போனா டென்டைப் பிரிச்சிடுவேன் சார்"னு ஒரே வார்த்தை. அப்புறம் ரெண்டு கம்பளி கொண்டுவந்து அவர் கையில கொடுத்தான். இருபத்தி ரெண்டு வயசு கூட இருக்காது.

அதே கூட்டம்தான் பன்னெண்டு வரைக்கும் ஸ்பீக்கர்ல பாட்டு. தம்பி போய்ச் சொன்னா குறையும், அவன் திரும்பினா கூடும். பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு புக் பண்ணும்போதே எழுதி வாங்கணும், கேக்கலைன்னா ஸ்பீக்கரை வாங்கி வச்சுக்கணும். அதைச் செய்யாம ஒரு சின்னப் பையனைக் குடிச்சிருக்கிற எட்டுப் பேர்கிட்ட கெஞ்ச விடுறது ஓனர் செய்யிற வேலையில்ல. ஓனர் அன்னிக்கு ராத்திரி ஊர்லயே இல்ல. மீதி ஒரு நட்சத்திரமும் இதுக்குத்தான். வாரநாள்ல யாருமே இருக்க மாட்டாங்கன்னு சமையல் அக்கா சொன்னாங்க. அப்ப பெரியவங்களுக்கு ஆயிரத்து இருநூறு, சனி ஞாயிறுல ஆயிரத்து ஐந்நூறு, அஞ்சு வயசுக்குக் கீழ இலவசம், அதுக்கு மேல பாதி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்ல, வாரநாள்ல போங்க.

குளிர் பத்தி. விடியக்காலையில போன்ல 13 டிகிரி காட்டுச்சு. பயந்துபோய் வீட்டுக்காரர் டென்ட் மேல இருந்த காத்து ஓட்டையெல்லாம் ஜிப் போட்டு அடைச்சிட்டார். அஞ்சு மணிக்கு உள்பக்கத் துணியெல்லாம் ஈரம், பையன் நெத்தியில சொட்டுது. ஒழுகுதுன்னு நெனச்சோம். ஒழுகல, நாங்க விட்ட மூச்சுதான். உள்ள இருக்கிறவங்க விடுற மூச்சோட ஈரம் வெளியே போக வழியில்லாம, சில்லுனு இருக்கிற துணியில பட்டுத் தண்ணியாயிடுது. மேல் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்தே வையுங்க. பிள்ளைக்குக் கூட ஒரு ஸ்வெட்டர் போடலாம், காதை மூடலாம், ஆனா டென்டை அடைக்காதீங்க. தூங்கும்போது போர்த்த அவங்க தர்ற கம்பளி துவைச்சதுதான், ஆனா குத்துது. வீட்டுல இருந்து ஒரு பழைய பருத்திப் புடவை கொண்டுபோய் உள்ள வச்சுப் போர்த்துங்க.

ரெண்டு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா இங்க வேண்டாம், ரூம் எடுத்துக்கோங்க. டயப்பர் மாத்த மேடையோ பால் காய்ச்ச ராத்திரியில அடுப்போ கிடையாது. நாலு வயசுக்கு மேலன்னா தாராளமாப் போகலாம். பொண்ணுக்குப் புங்கனூர் ஏரியில படகு விட்டதெல்லாம் ஞாபகமே இல்ல, வாய்க்காவுல கப்பல் விட்டதைத்தான் வகுப்பு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கா. அது எந்த வாய்க்கான்னு அவகிட்ட நான் சொல்லல.

ரிவ்யூ போடுங்கக்கான்னு கேட்ட தம்பிக்கு: போட்டுட்டேன். ஓனர் படிச்சா அந்தச் சோலார் விளக்கு நாலையும் வாங்கச் சொல்லு. அதுவரைக்கும் டார்ச்சுக்குப் பேட்டரியாவது மாத்தி வை.