ஐஸ்லாந்தில் ஒரே ஒரு நாள்: கோல்டன் சர்க்கிளா, தென்கரையா?

தலைநகர் ரெய்க்யாவிக்கில் வாடகைக் கார் எடுத்துத் தனியாகச் சுற்ற ஒரு பகல்தான் இருக்கிறதா? என் ஓட்டு கோல்டன் சர்க்கிள் என்ற சுற்றுலா வட்டப் பாதைக்கு. சுமார் 230 கிலோமீட்டரில் திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்றுப் பகுதி, குல்ஃபாஸ் அருவி மூன்றையும் பார்த்துவிடலாம். கெய்சிரில் உள்ள ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிடும். அதற்கு முந்தைய நொடியில் தண்ணீர் நீலக் குமிழாக உப்பும், அதைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. இதே பாதையில் உள்ள லாய்கர்வாட்ன் ஏரிக்கரையில் ரை என்ற தானியத்தின் மாவைப் பானையில் அடைத்துச் சுடுமணலில் புதைத்து, 24 மணி நேரம் கழித்து ரொட்டியாகத் தோண்டி எடுக்கிறார்கள். அடுப்பே கிடையாது, பூமியின் சூடுதான். ஆவி பறக்கும் துண்டில் வெண்ணெய் உருகி இறங்கும். லேசான இனிப்பு. மேலே புகையிட்ட டிரவுட் மீன் வைத்தால் அமிர்தம்.

தென்கரைக்கு விக் ஊர்வரை போகவே 187 கிலோமீட்டர், திரும்புவதும் அதே சாலைதான். ஆனால் செல்யலாண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம், அந்தச் சாரலுக்கு ஈடில்லை. வழியில் ஆட்டுக்கறி சூப் கிடைக்கும், குளிருக்கு இதம். ரேய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் மட்டும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். அங்கே அலை ஆளை இழுத்திருக்கிறது.

கோடையில் நள்ளிரவுவரை வெளிச்சம் உண்டு, தென்கரையும் சரிதான். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தனியாக அவ்வளவு தூரம் வேண்டாம்.