ஒரு முழு சீசன் இங்கிலீஷ் ஃபுட்பால ரேடியோவுல கேட்டேன்: கமென்டேட்டர்கள் ரிவ்யூ

2024-25 பிரீமியர் லீக் சீசன நான் முக்கால்வாசி ரேடியோவுலதான் ஃபாலோ பண்ணேன். இங்கிலாந்துல இருக்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது, ஏன்னா சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்ச் எதுவுமே இங்க டிவில லைவா வராது. 2:45ல இருந்து 5:15 வரைக்கும் லைவ் ஃபுட்பால் காட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு. 1960கள்ல பர்ன்லி கிளப் சேர்மனா இருந்த பாப் லார்ட் பிடிச்ச பிடிவாதம் அது, டிவில காட்டிட்டா சின்ன கிளப் மேட்சுக்கு யாரும் டிக்கெட் வாங்கிட்டு வர மாட்டாங்கன்னு. ஆனா ரேடியோவுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நாடு முழுக்க கண்ணா இருக்கறது கமென்டேட்டர் மட்டும்தான், அவர் சொன்னாதான் நமக்கு மேட்சே. அதனாலதான் இவங்கள டிவி கமென்டேட்டர் மாதிரி மார்க் போட முடியாது, அளவுகோலே வேற.

என் அளவுகோல் ரொம்ப சிம்பிள். பந்து எங்க இருக்கு, யாரு எந்தப் பக்கம் அட்டாக் பண்றாங்க, ஸ்கோர் என்ன. இந்த மூணையும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லணும். நடுவுல ட்யூன் பண்றவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான், காருக்குள்ள இப்பதான் ஏறியிருப்பான், அவன அஞ்சு நிமிஷம் ஸ்கோர் தெரியாம தவிக்க விடறது என்னைப் பொறுத்தவரை பெரிய குத்தம்.

இந்தப் பிரச்சனை அன்னைக்கே தெரிஞ்சிருந்துச்சு. 1927 ஜனவரி 22, ஹைபரி மைதானம், ஆர்சனல் – ஷெஃபீல்ட் யுனைடெட், பிபிசியோட முதல் லைவ் ஃபுட்பால் கமென்டரி. டெடி வேக்லம்னு ஒருத்தர் மேட்ச சொல்லிட்டே போக, இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து பந்து எந்தக் கட்டத்துல இருக்குன்னு நம்பர் சொல்லுவாராம், ஏன்னா ரேடியோ டைம்ஸ் பத்திரிகைல மைதானத்த எட்டுக் கட்டமாப் பிரிச்சு படம் போட்டிருந்தாங்க, அத முன்னாடி வெச்சுக்கிட்டு வீட்ல கேக்கணும். இப்ப அந்தப் படமெல்லாம் கிடையாது, அந்த நம்பர் வேலையையும் சேர்த்து ஒரே ஆள் வாயாலயே பண்ணணும்.

அத இன்னைக்கு எல்லாரையும் விட நல்லா பண்றவர் பிபிசி ரேடியோ 5 லைவ்ல வர்ற ஜான் மர்ரி. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மேட்ச் ஆரம்பிக்கும்போதே எந்த டீம் என்ன கலர் ஜெர்சி, நமக்கு இடமிருந்து வலமா அட்டாக் பண்றது யாரு, வெயிலா மழையா, எந்த ஸ்டாண்ட்ல நிழல் விழுதுன்னு மேடை போட்டுக் கொடுத்துடுவாரு. பந்து நடு மைதானத்துல சுத்திட்டு இருக்கறப்ப குரல் கீழயே இருக்கும், கோலுக்கு முன்னாடி இருக்கற பாக்ஸ் பக்கம் வந்ததும் மெல்ல ஏறும், அதனால வேற வேலை பாத்துக்கிட்டே கேக்கறவனுக்குக் கூட எப்ப காத கூர்மையாக்கணும்னு தானா தெரிஞ்சுடும். கோல் விழுந்ததும் அடிச்சவர் பேரு, ஸ்கோர், அவ்வளவுதான், கூட்டத்தோட சத்தத்துக்கு வழிவிட்டுடுவாரு. அந்தச் சில செகண்ட் வாய மூடிட்டு இருக்கறது எல்லாருக்கும் வராது.

இயன் டென்னிஸும் நம்பி கேக்கலாம், வேகமான மேட்சுக்கு அவர்தான் பொருத்தம். கானர் மெக்நமாராவோட ஐரிஷ் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், சலிப்பான 0-0 மேட்சக் கூட இழுத்துட்டுப் போயிடுவாரு. அலிஸ்டர் புரூஸ்-பால் நிதானம். விக்கி ஸ்பார்க்ஸ் 2018 உலகக் கோப்பைல போர்ச்சுகல் – மொராக்கோ மேட்ச் பண்ணி, பிரிட்டிஷ் டிவில உலகக் கோப்பை மேட்சுக்கு லைவ் கமென்டரி கொடுத்த முதல் பெண்ணா வந்தவங்க, ரேடியோவுல அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சது பேர்கள்ல தடுமாற்றமே இல்லாதது. சப்ஸ்டிட்யூட் நாலு பேர் ஒரே நேரத்துல இறங்கினாலும் யாரு யாருக்குப் பதிலா வந்தாங்கன்னு தெளிவா காதுல விழும்.

டாக்ஸ்போர்ட்ங்கற தனியார் ஸ்டேஷன் பக்கம் வந்தா சூடு வேற. அங்க விளம்பரம் உண்டு, பிபிசில கிடையாது, அது ஒரு வித்தியாசம். சாம் மேட்டர்ஃபேஸ், ஜிம் ப்ரவுட்ஃபூட் ரெண்டு பேருமே நல்ல கமென்டேட்டர்கள்தான். ஆனா அங்க என்னை உக்கார வெச்சது ஆலி மெக்காய்ஸ்ட். ஸ்காட்லாந்து கிளப் ரேஞ்சர்ஸ்ல கோலா அடிச்சுத் தள்ளின மனுஷன், இன்னும் ஃபுட்பால் மேல இருக்கற ஆசை குறையவே இல்ல. கீழ் வரிசை ரெண்டு டீம் ஆடற மேட்ச்ல டிஃபென்ஸ பிளந்துட்டுப் போற ஒரு நல்ல த்ரூ பால் விழுந்தா கூட அந்தச் சந்தோஷம் குரல்ல அப்படியே வந்துடும், நடிப்பு இல்ல.

கூட உக்காந்து விளக்கம் சொல்ற முன்னாள் பிளேயர்கள்ல எனக்கு முதல் இடம் பேட் நெவின். செல்சி, எவர்ட்டன்ல விங்கரா, அதாவது மைதானத்தோட ஓரத்துல ஆடினவர், அதனால ஒரு விங்கர் ஏன் உள்ள கட் பண்ணாம வெளிய போனான்னு ஒரே வரில சொல்லிடுவாரு. ராப் க்ரீன் கோல்கீப்பர், அவர் வந்தா நான் கோல் கிக்கக் கூட கவனிச்சுக் கேப்பேன். கீப்பர் கால் எடுத்து வைக்கறது தப்பா, கை போற நேரம் தப்பான்னு பிரிச்சு சொல்றது அவர்கிட்டதான் கிடைக்கும். கிறிஸ் சட்டன் 1995ல பிளாக்பர்ன்கூட லீக் ஜெயிச்சவர், கருத்துல காரம் ஜாஸ்தி, சில நாள் அந்தக் காரம் மேட்சையே மறைச்சுடுது.

குறைன்னு பாத்தா ஒண்ணுதான், ஆனா அது பெருசு. எந்த ஸ்டேஷன்னு சொல்லல, ஆனா சீசன் பூரா கேட்டது. பந்து ஆட்டத்துல இருக்கும்போதே ரெண்டு பேர் சேர்ந்து மேனேஜர் வேலை போகுமா, ஜனவரில யார வாங்கலாம்னு பேச ஆரம்பிச்சுடறாங்க, திடீர்னு பின்னாடி கூட்டம் அலறுது, என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியல, நாலு செகண்ட் கழிச்சு தான் போஸ்ட்ல பட்டுச்சுன்னு சொல்றாங்க. டிவில இது பரவால்ல, படம் ஓடிட்டு இருக்கும். ரேடியோவுல அந்த நாலு செகண்ட் குருடாக்கிடுது. நிஜமாவே பார்வை இல்லாத எத்தனையோ பேர் இதத்தான் நம்பி இருக்காங்க, அவங்கள நினைச்சாவது அரட்டைய த்ரோ இன் நேரத்துல வெச்சுக்கலாம்.

வீடியோ பாத்து ரெஃப்ரி முடிவ சரிபாக்கற வீஏஆர் விஷயத்துல இந்த சீசன் கொஞ்சம் முன்னேற்றம். ஜனவரி 8ல ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்) – லிவர்பூல் லீக் கப் செமிஃபைனல்ல, டொமினிக் சொலங்கி அடிச்ச கோல் ஏன் செல்லாதுன்னு ரெஃப்ரி ஸ்டூவர்ட் அட்வெல் மைக்ல சொன்னாரு. இங்கிலாந்துல இது முதல் தடவை. ரேடியோவுக்கு இத விட நல்ல ஏற்பாடு கிடையாது, எல்லா மேட்சுக்கும் கொண்டு வரணும்னு அப்ப தோணுச்சு.

சீசன்ல ரேடியோ எதுக்குன்னு யாராவது கேட்டா நான் பிப்ரவரி 12 ராத்திரியத்தான் சொல்லுவேன். குடிசன் பார்க்ல ஆண்கள் டீம் ஆடின கடைசி மெர்சிசைடு டெர்பி, அதாவது ஒரே ஊர் கிளப்புகளான எவர்ட்டனும் லிவர்பூலும் மோதற மேட்ச். 1892ல இருந்து எவர்ட்டன் ஆண்கள் டீம் ஆடின மைதானம், அந்த சீசன் முடிஞ்சதும் காலி பண்ணாங்க. எவர்ட்டனுக்கு பெட்டோ ஒண்ணு, லிவர்பூலுக்கு மெக் அலிஸ்டர் ஒண்ணு, அப்புறம் லிவர்பூல் சலா 73வது நிமிஷத்துல 2-1. இஞ்சுரி டைம் எட்டாவது நிமிஷம், பாக்ஸுக்குள்ள பந்து ஒரு தடவை மேல எழும்புது, எவர்ட்டன் டார்கோவ்ஸ்கி அத அந்தரத்துலயே அடிக்கறாரு, 2-2. சத்தம் எப்படி வந்துச்சுன்னா பழைய கூரைக்குக் கீழ இருக்கற கூட்டம் மைக்கையே முழுங்கிடுச்சு, கொஞ்ச நேரம் கமென்டேட்டர் குரல் அடில எங்கயோ கிடந்துச்சு. அதுக்கப்புறம் வீஏஆர் செக், ஆஃப்சைடா, தள்ளினதான்னு நிமிஷக்கணக்குல ஓடுது, கூட்டம் அடங்குது, முணுமுணுக்குது, கோல்னு உறுதியானதும் மறுபடி வெடிக்குது. ஒரே கோலுக்கு ரெண்டு தடவை அலறல். விசில் ஊதினதும் சண்டை, எவர்ட்டன் டுக்குரே, லிவர்பூல் கர்ட்டிஸ் ஜோன்ஸ், லிவர்பூல் மேனேஜர் ஸ்லாட், அவரோட அசிஸ்டன்ட், நாலு பேருக்கும் ரெட் கார்டு. இதெல்லாம் காதால மட்டும் கேட்டு புரிஞ்சுக்க முடிஞ்சுது பாருங்க, அதுக்காகவே அன்னைக்கு வேலை பாத்தவங்களுக்குக் கும்பிடு போடலாம்.

லோக்கல் பிபிசி ஸ்டேஷன்கள தனியா சொல்லணும். நேஷனல் கமென்டேட்டர் நடுநிலையா இருக்கணும், இவங்களுக்கு அந்தக் கட்டாயம் அவ்வளவா இல்ல. மார்ச் 16 வெம்ப்ளில நியூகாசில் 2-1னு லிவர்பூல அடிச்சு லீக் கப் வாங்கினப்ப, அது 1955க்கு அப்புறம் அவங்களோட முதல் பெரிய உள்நாட்டு கோப்பை, முதல் கோல் ஹெட் பண்ண டான் பர்ன் பக்கத்து ஊரான பிளைத்துல பிறந்த பையன், சின்ன வயசுல அதே கிளப் வேணாம்னு அனுப்பினவன். இந்தக் கதைய உள்ளூர் குரல் சொல்றப்ப தனி கனம் இருக்கு. சவுத்தாம்ப்டன் பக்கம் இன்னும் கஷ்டம். ஏழு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே கீழ் டிவிஷனுக்கு இறங்கியாச்சு, சீசன் முழுக்க 12 பாயின்ட். அப்படி ஒரு டீம வாராவாரம் மரியாதையோட, கேலி பண்ணாம, பொய் நம்பிக்கையும் கொடுக்காம சொல்லிட்டு வர்றது சாதாரண வேலை இல்ல. மே 10ல மான்செஸ்டர் சிட்டிய 0-0ன்னு நிறுத்தினாங்க, அந்த ஒரு பாயின்ட்லதான் டெர்பி கவுன்ட்டி கிளப்போட 11 பாயின்ட் மோசமான ரெக்கார்டுல இருந்து தப்பிச்சாங்க, 0-0 மேட்ச்ல இவ்வளவு டென்ஷனா நான் உக்காந்தது கிடையாது.

மேட்ச் முடிஞ்சதும் 5 மணிக்கு ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட், 1948ல இருந்து ஓடற ப்ரோக்ராம், அதோட ட்யூன் கேட்டாலே சனிக்கிழமை சாயங்காலம் ஆயிடுச்சுன்னு உடம்புக்குத் தெரியும். 1974ல இருந்து 2013 வரைக்கும் ரிசல்ட் படிச்ச ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் கார்டன் முதல் டீம் பேரையும் ஸ்கோரையும் சொல்லி, ரெண்டாவது டீம் பேர எடுக்கற ஏற்ற இறக்கத்துலயே ஜெயிச்சது யாருன்னு புரிய வெச்சுடுவாரு. அந்தப் பழைய ரெக்கார்டிங் கிடைச்சா கேளுங்க, குரல எப்படி வேலை வாங்கறதுன்னு புரியும்.

கடைசியா கேக்கற முறை பத்தி. ஆப்லயும் டிஜிட்டல் ரேடியோவுலயும் சத்தம் தெளிவு, ஆனா லேட்டா வரும், பக்கத்து வீட்டுக்காரன் கத்தின அப்புறம் உங்களுக்கு கோல் விழும். மைதானத்துக்கு ரேடியோ எடுத்துட்டுப் போறவங்க பழைய மீடியம் வேவ் செட்டே வெச்சுக்கோங்க, 5 லைவ் 693, 909, டாக்ஸ்போர்ட் 1053, 1089. கொஞ்சம் இரைச்சல் இருக்கும், ஆனா கண்ணு முன்னாடி நடக்கறதும் காதுல விழறதும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும். ஒரே மேட்ச் ரெண்டு ஸ்டேஷன்லயும் வந்தா முதல் பாதி டாக்ஸ்போர்ட், ரெண்டாவது பாதி 5 லைவ், அன்னைக்கு மைக்ல ஜான் மர்ரின்னா ரெண்டு பாதியும் 5 லைவ்தான்.