போட்டுப் பார்த்தது ஒன்று, பொதியில் வந்தது வேறொன்று

சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிற பெயிண்ட்போலுக்குப் போடும் வெஸ்டைப் புறக்கோட்டையில் வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் எதைப் போட்டுப் பார்த்தீர்களோ அதையே கையோடு வாங்கி வாருங்கள். "இது ஷோவுக்கு வைத்தது, புதுசு ஸ்டோரில் இருக்கிறது, நாளைக்குக் கூரியரில் வரும்" என்று யாராவது சொன்னால் பணத்தை வெளியில் எடுக்காதீர்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். 29,000 ரூபா போனது ஒரு பக்கம். அந்த வெஸ்டால் என் மருமகனின் கண்ணுக்கு ஆபத்து வரப் பார்த்தது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்காவின் மகன் ஏ.எல். எழுதி முடித்த கையோடு எங்கள் பெயிண்ட்போல் குழுவில் சேர்ந்தான். மெலிந்த உடம்பு, உயரம் குறைவு. மைதானத்தில் வாடகைக்குக் கிடைக்கும் வெஸ்ட் எதுவும் அவனுக்குப் பொருந்துவதில்லை. எனக்கும் பழைய வெஸ்ட் நைந்துபோயிருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை புறக்கோட்டைக்குப் போனோம். குறுக்குத் தெருக்களில் ஒன்றில், பைகளும் கேம்பிங் சாமான்களும் விற்கிற ஒரு மாடிக்கடை. பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

கேமோ நிறம் எதையும் நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இராணுவ உடை மாதிரித் தெரிகிற ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிவது இந்த நாட்டில் வீண் வில்லங்கம். சோதனைச் சாவடிக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பு நிறத்தில் ஒன்று கொக்கியில் தொங்கியது. கழற்றித் தரச் சொன்னோம்.

அந்த வெஸ்ட் நல்ல சாமான். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடித்த நைலோன் துணி, உள்ளே காற்றோட்டமான வலை, தோளிலும் இரண்டு பக்கமும் இழுத்துக் குறைக்கக்கூடிய பட்டிகள். மருமகனுக்குப் போட்டு, பட்டிகளைச் சரிசெய்து, கையைத் தூக்கச் சொன்னேன், முழங்காலில் இருக்கச் சொன்னேன், குனியச் சொன்னேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது. அவன் கண்ணாடி முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அந்த போட்டோ பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

"இரண்டு தாங்கோ" என்றேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "சேர், இது ஷோவுக்குத் தொங்குற பீஸ், தூசி பிடிச்சிருக்கு. சீல் உடைக்காத புதுசு மருதானை ஸ்டோர்ல இருக்கு. நாளைக்கே வீட்டுக்கு வரும், கூரியர் காசும் நாங்களே குடுக்கிறோம்" என்றார். இதே மொடல்தானா என்று கேட்டேன். "அதே மொடல், அதே லொட்" என்றார். தோளும் பக்கமும் இதே மாதிரி இழுத்துச் சரிசெய்யலாமா என்றும் கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் சேர்." ஒன்று 14,500 படி கட்டிவிட்டு வந்தோம். பில்லில் எழுதியிருந்தது "வெஸ்ட் – 2" என்பது மட்டும்.

வெள்ளவத்தைக்குப் பொதி வந்தது. பிரித்தபோது நிறம் அதே கறுப்பு. கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. துணி மெலிது, பொலியெஸ்டர். உள்பக்கம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. இது பழைய சரக்கின் அடையாளம். இந்தத் துணிகளின் உள்பக்கத்தில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பொலியூரித்தேன் பூச்சு போடுவார்கள். கொழும்பு மாதிரிப் புழுக்கமான ஊரில் ஸ்டோரில் வருடக்கணக்கில் மூடிக்கிடந்தால் ஈரக்காற்றுப் பட்டு அந்தப் பூச்சு சிதைந்து ஒட்டத் தொடங்கும், பிறகு செதில் செதிலாக உரியும். "சீல் உடைக்காத புதுசு" என்றால் நேற்றுத் தைத்தது என்று அர்த்தமில்லை.

அடுத்தது நாடாக்கள். முன்பக்கம் வரிசையாகத் தைத்திருக்கும் நாடாக்களைப் பார்த்திருப்பீர்கள், பைகளைக் கோர்ப்பதற்கு. மொலி என்று சொல்வது அதைத்தான். ஒழுங்கான வெஸ்டில் ஒவ்வொரு நாடாவும் 1 அங்குல அகலம், இரண்டு நாடாவுக்கு இடையிலும் 1 அங்குலம், தையல் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. எந்த நிறுவனத்தின் பையானாலும் எந்த வெஸ்டிலும் பொருந்துவது இந்த அளவு ஒரே மாதிரி இருப்பதால்தான். எங்களுக்கு வந்ததில் தையல் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. சாயக் குண்டுகளை நிரப்பி வைக்கிற குழாய்களுக்கான பையை, பொட் பை என்பார்கள், கோர்த்தால் அது நிற்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு தொங்கியது. மருமகன் அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடையில் போட்டதில் நெஞ்சில் ஆறு வரிசை நாடா. வந்ததில் நான்கு.

பொதியோடு இரண்டு "பிளேட்" வேறு. அதன்மேல் "லெவல் 3" என்று ஸ்டிக்கர். கையால் வளைத்தேன், வளைந்தது. குளியலறைச் செருப்பின் அடித்தட்டு மாதிரி ஒரு ஃபோம். இதைப் படிக்கிற யாரும் ஏமாறக்கூடாது. குண்டு துளைக்காத உடைகளுக்கான பழைய அமெரிக்க என்.ஐ.ஜே. தரத்தில் லெவல் 3 என்பது 7.62 மில்லிமீற்றர் ரைபிள் தோட்டாவைத் தடுக்கிற தகட்டுக்கு உரிய பெயர். பெயிண்ட்போலுக்கோ, சின்னப் பிளாஸ்டிக் குண்டுகளால் விளையாடுகிற எயார்சொஃப்டுக்கோ அப்படி ஒன்று தேவையே இல்லை. வெஸ்டின் வடிவம் குலையாமல் இருக்க ஃபோம் போதும். ஆனால் ஃபோமில் அந்த ஸ்டிக்கரை ஒட்டி விற்பது பொய். பொய்யான பாதுகாப்பை நம்பி யாராவது எங்கேயாவது போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வளவும் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. உடனே கடைக்கு எடுத்தேன். "திங்கட்கிழமை கொண்டு வாங்கோ, மாத்தித் தாறம்" என்றார்கள். எனக்கு வந்ததைப் பொதியோடு கட்டி வைத்தேன். ஆனால் அந்த ஞாயிறு எங்களுக்கு விளையாட்டு இருந்தது. மருமகன் தனக்கு வந்ததைப் போட்டுக்கொண்டு வந்தான்.

முதல் ஆட்டத்திலேயே பிரச்சினை. பீப்பாய்க்குப் பின்னால் அவன் முழங்காலிட்டு உட்கார்ந்தான். வெஸ்டின் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, முழு வெஸ்டும் மேலே ஏறியது. மேல் விளிம்பு போய் முகமூடியின் அடியில் இடித்தது. முகமூடி மேலே தூக்கி, கன்னத்துக்கும் அதற்கும் நடுவே விரல் போகிற அளவுக்கு இடைவெளி. "மாமா, தாடையில முட்டுது!" என்று கத்தினான். ஆட்டத்தைக் கண்காணிக்கிற மார்ஷல் உடனே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

பெயிண்ட்போல் குண்டு 0.68 அங்குலம், ஜெலட்டின் ஓட்டுக்குள் சாயம். விளையாட்டுப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். மைதானங்களில் பொதுவாக வைக்கிற வேக எல்லை நொடிக்கு 300 அடி. அந்த வேகத்தில் உடம்பில் பட்டால் கன்றிப்போகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான் மைதானத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் முகமூடியைக் கழற்றக்கூடாது என்பது எங்கும் முதல் விதி. 6 மில்லிமீற்றர் எயார்சொஃப்ட் குண்டு இன்னும் சின்னது. சின்ன இடைவெளியிலும் புகுந்துவிடும். வெஸ்ட் சரியாகப் பொருந்தவில்லை என்றால் அசௌகரியத்தோடு முடிந்துவிடாது என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

ஏன் அப்படி ஏறியது? அந்த வெஸ்டில் தோள்பட்டி தைத்தே இருந்தது, குறைக்க முடியாது. நீளம் பெரிய உடம்புக்கு. பக்கப் பட்டியை முழுவதும் இழுத்துக் கட்டினாலும் இடுப்பில் கை முஷ்டி போகிற அளவுக்கு இடம். "ஃப்ரீ சைஸ்" என்று லேபல். கடையில் போட்டதில் மீடியம் என்று தெளிவாக இருந்தது.

இந்த இடத்தில் பொருத்தம் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடைகளில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மார்பளவை மட்டும் கேட்டுவிட்டு எடுத்துத் தருவார்கள். மார்பளவு பக்கப் பட்டியால் சரியாகிவிடும். சரிசெய்ய முடியாதது நீளம். இரண்டு காறை எலும்பும் சேர்கிற இடத்தில், தொண்டைக்குக் கீழே ஒரு குழி இருக்கிறதல்லவா, வெஸ்டின் முன் தகடு அந்தக் குழிக்குச் சற்றுக் கீழே தொடங்க வேண்டும். கீழ் விளிம்பு தொப்புளுக்கு மேலேயே முடிய வேண்டும். தொப்புளைத் தாண்டி இறங்குகிற வெஸ்ட் குனிந்தால் தொடையில் முட்டும், முட்டினால் மேலே ஏறும், ஏறினால் முகமூடியை இடிக்கும். உடம்பு கட்டையானவர்களும் பிள்ளைகளும் பெண்களும் பெரும்பாலும் இதில்தான் அவதிப்படுகிறார்கள். இவர்களுக்கு முழு வெஸ்டை விட நெஞ்சோடு நின்றுவிடுகிற செஸ்ட் ரிக் நல்ல தெரிவு.

அப்புறம் தோள். பட்டி தோளின் நடுவில் இருக்க வேண்டும், வெளியே வழிந்து தோள்மூட்டில் உட்காரக்கூடாது. மார்க்கரை, அதாவது பெயிண்ட்போல் துப்பாக்கியை, தோளில் வைத்துக் குறிபார்த்துப் பாருங்கள். பட்டியில் பக்கிளோ தடித்த பஞ்சோ இருந்தால் மார்க்கரின் பின்பகுதி அதன்மேல் வழுக்கும். கடையில் மார்க்கர் இருக்காது. சரி, ஒரு குடையைக் கேட்டு வாங்கித் தோளில் வைத்துப் பாருங்கள், அது போதும். பக்கப் பட்டியைக் கட்டியபின் உள்ளங்கை தட்டையாக உள்ளே போக வேண்டும், முஷ்டி போகக்கூடாது. முழு மூச்சு இழுக்கும்போது நெஞ்சு இறுகக்கூடாது. பட்டி கடைசி வரை இழுபட்டும் நிற்கக்கூடாது, கடைசி நுனியில் பிடித்துக்கொண்டும் நிற்கக்கூடாது. இரண்டு பக்கமும் இன்னும் இடம் இருந்தால்தான் அது உங்கள் சைஸ். உங்களிடம் சொந்த முகமூடி இருந்தால் கட்டாயம் கடைக்குக் கொண்டு போங்கள். முகமூடியோடு வெஸ்டைப் போட்டு, முழங்காலிட்டு, நாடியை நெஞ்சோடு சேர்த்துக் கீழே பாருங்கள். எங்கேயாவது இடித்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

திங்கட்கிழமை இரண்டு வெஸ்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே கொக்கியில் அதே நல்ல வெஸ்ட் தொங்கிக்கொண்டிருந்தது! அதைத் தாருங்கள், மற்றதற்குக் காசைத் தாருங்கள் என்றேன். "அது விற்கிறதுக்கு இல்லை" என்றார். முதல் நாள் தூசி பிடித்தது என்றவர்தான். தொலைபேசியில் மாற்றித் தருவதாகச் சொன்னீர்களே என்றதற்கு, "சீல் உடைச்சா மாத்த ஏலாது சேர்" என்றார். சீல் உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லை. எனக்கு வந்ததை யாரும் ஒரு தடவைகூடப் போடவில்லை, அதையாவது எடுங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை. போட்டோவைக் காட்டியதும் குரல் மாறியது. முதலாளி வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் எடுக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு என் இலக்கத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுகிறது.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குகிற சபை அது. 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். பில், கூரியர் துண்டு, கடைக் கண்ணாடியில் எடுத்த போட்டோ, வந்த வெஸ்டின் போட்டோ, அளவுகோல் வைத்து எடுத்த தையல் இடைவெளியின் போட்டோ, எல்லாவற்றையும் இணைத்தேன். பில்லில் மொடலோ சைஸோ இல்லாதது அவர்களுக்கு வசதி. அதனால் நீங்கள் வாங்கும்போது மொடல், சைஸ், நிறம், துணி எல்லாவற்றையும் பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள். கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை. "பில் வேண்டாம் என்றால் ஐந்நூறு குறைக்கிறேன்" என்கிறவர்களிடம் அந்த ஐந்நூறுக்கு ஆசைப்படாதீர்கள்.

மருமகன் இப்போது என் பழைய செஸ்ட் ரிக்கைப் பட்டி குறைத்துப் போட்டுக்கொண்டு விளையாடுகிறான். கொட்டாஞ்சேனையில் பைகள் தைக்கிற ஒருவர் நைந்த இடத்தையெல்லாம் பிரித்து அழகாகத் திருப்பித் தைத்துத் தந்தார். கூலி 800 ரூபா.

இதே மாதிரிக் கறுப்பு "ஃப்ரீ சைஸ்" பொதி உங்களுக்கும் வந்திருந்தால் பிள்ளைகளுக்குப் போட்டு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். பொலித்தீன் உறை, ஸ்டிக்கர், பில் எதையும் எறிய வேண்டாம். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.