காயம்பட்ட மீனுக்குக் கல்லுப்பா, நீல மருந்தா?

தங்கமீன் அலங்காரக் கல்லில் உரசிச் செதில் பெயர்ந்தாலும் சரி, ஃபைட்டர் மீனின் வால் கிழிந்தாலும் சரி, மீன் கடையில் பெரும்பாலும் கைக்கு வருவது மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து பாட்டில்தான். பழைய ஆட்களோ சமையலறையில் இருந்து ஒரு பிடி கல்லுப்பு அள்ளி வருவார்கள். புதுக் காயம் என்றால் என் ஓட்டு உப்புக்குத்தான். இடிப்பது அந்த 'ஒரு பிடி' மட்டும்தான்.

நன்னீர் மீனின் ரத்தம், லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு கரைந்த தண்ணீரின் அடர்த்தியில் இருக்கும். தொட்டித் தண்ணீரில் உப்பு அவ்வளவு கிடையாது. அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் ஊறும், சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றும். செதிலும் வழவழப்பும் போன இடத்தில் இந்த ஊறல் கூடும், உடம்பின் உப்பும் கசியும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு சேர்த்தால் மீனுக்கு அந்தப் பாடு குறைகிறது. கிருமியைக் கொல்வதைவிட இந்த நிலையில் இதுதான் பெரிய உதவி.

தனி வாளி, ஏர் பம்ப் போதும். 10 லிட்டருக்கு முதல் நாள் 10 கிராம். மீன் தெளிவாக இருந்தால் மறுநாள் இன்னொரு 10. ஸ்பூனை நம்பாமல் தராசில் நிறுத்துவது நல்லது: ஒரே ஸ்பூனில் தூள் உப்பு ஒரு எடை, கல்லுப்பு வேறு எடை. வேறு பாத்திரத்தில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது. வற்றிய தண்ணீரை ஈடுகட்ட வெறும் தண்ணீர் போதும். இறைத்து மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். அயோடின் உப்பு மீனைக் கொன்றுவிடும் என்ற பயம் வேண்டாம், அதில் அயோடின் மிகச் சொற்பம்.

நீல மருந்துக்கு வேலை எப்போது? காயத்தின் மேல் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை படரும்போது. அங்கே அது கெட்டிக்காரன். ஆனால் பிரதானத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா சாகும், அம்மோனியா ஏறும், சிலிக்கான் ஒட்டெல்லாம் நீலமாகும். அந்த நீலத்துக்குள் காயம் ஆறுகிறதா, சிவக்கிறதா என்று பார்ப்பதும் பெரும்பாடு. பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். லேபிளில் உள்ள அளவுதான் கணக்கு.

காய்ந்த நாட்டு பாதாம் இலை ஃபைட்டர் வளர்ப்பவர்களின் செல்லம். மெதுவானது, லேசான கிழிசலுக்குத் துணையாக இருக்கட்டும். பேதி உப்பு வேறு சரக்கு: மக்னீசியம் சல்பேட். வயிறு வீங்கிய மீனுக்குப் போடுவார்கள், காயத்துக்கு அல்ல. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கரைப்பவர்களும் உண்டு. போர்வெல்லின் கடினத் தண்ணீரில் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்துக்குப் பாதி பலம்கூட மிஞ்சாது.

உப்பு தோற்கும் இடமும் உண்டு. கோரிடோரஸ், லோச் போன்ற அடித்தட்டு மீன்கள் உப்பை அவ்வளவாகத் தாங்கமாட்டா; லிட்டருக்கு அரை கிராமில் தொடங்குவது மேல். செடித் தொட்டியில் போட்டால் உப்பு தாங்காத செடிகள் கருகும். வாய் ஓரத்தில் சாம்பல் திட்டு, சிவப்பு பரவும் புண் என்றால் அது பாக்டீரியா. உப்பை மட்டும் நம்பி நாள் கடத்தாமல் மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். காயம் மூடியதும் இரண்டு மூன்று நாள் பாதிப் பாதியாக வெறும் தண்ணீர் மாற்றி, அப்புறம் மீனைப் பழைய தொட்டியில் விடலாம்.